எழுதாமல் விட்ட பன்னிரண்டு

அத்தியாயம் 9

காலை ஐந்தேகாலுக்கு றெக்ஷனின் தொலைபேசி அடித்தது.

கடலோடு போனவனை அது இன்னமும் நாள் தவறாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த அந்த வீட்டில் ஒருவருக்கும் கை வரவில்லை. அலுமாரியின் மேல் தட்டில் அது அடித்து ஓயும்வரை மூன்று பேரும் மூன்று இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். ஓய்ந்ததும் தாய் இராசமணி எழும்பி வந்து, அதைச் சார்ஜில் கொழுவிவிட்டுக் குசினிக்குள் போனாள். முப்பது நாளாக அவள் செய்கிற முதல் வேலை அதுதான்.

துசாரா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். நெடுந்தீவுக்கு அவள் வந்து ஐந்து நாள். தம்பி படகிலிருந்து விழுந்த செய்தி கேட்டு ஓடி வந்தவள், ஒரு கிழமை தேடியும் உடல் கிடைக்காமல் வேலைக்குத் திரும்பியவள், நாளைக்கு நடக்கப்போகிற முப்பத்தோராம் நாள் பூசைக்காக மறுபடி வந்திருக்கிறாள். வந்தவளைச் சும்மா அழுதுவிட்டுப் போக விட்டார்களா? ஊருக்கு ஒரு படித்த பிள்ளை வந்தால், அதன் தலையில் எதையாவது ஏற்றிவிட்டால்தான் எங்கள் சங்கங்களுக்குச் சாப்பாடு செமிக்கும்.

அவள் வந்த அன்றைக்கே படகுச் சங்கத் தலைவர் ஜெகதீஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். செத்த வீட்டில் பேசவேண்டிய நாலு வார்த்தையையும் ஒழுங்காகப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கொண்டுவந்த கடுதாசியை எடுத்தார்.

"தங்கச்சி, எங்கடை செபமாலை போட் அண்டைக்குத் தொட்டுத் துறையில கட்டிக் கிடக்குது. போட்டுகளுக்கு அனுமதி குடுக்கிற யாழ்ப்பாணத்துக் கந்தோரில எஞ்சின் நம்பகமானதோ எண்டு எழுதித் தரச் சொல்லினம். எத்தினை மணித்தியாலம் ஓடினது, எத்தினை தரம் நிண்டது, எவ்வளவு நேரத்தில திருத்தினது. உம்மடை வேலையே அதுதானே? நீர் கையெழுத்து வைச்சால் செவ்வாய்க்கிழமை விடிய ஓடலாம். பூசைக்கு வாற உங்கடை சனமே நாப்பது பேர் அக்கரையில குறிகட்டுவானில வந்து நிக்கும். மற்றப் போட் பூசை முடிஞ்சாப் பிறகு மத்தியானம்தானே?"

அவளுடைய வேலை அதுதான். கொழும்புப் பக்கத்தில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் நில்லாமல் ஓடும், எப்போது நிற்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுகிறவள் அவள். ஓடிய நேரத்தை நின்ற தடவைகளால் வகுக்கவேண்டும். வருகிற எண் பெரிதென்றால் நல்ல இயந்திரம். சின்னதென்றால் அதைக் கழற்றிப் போடவேண்டும். பிஸ்கற் இயந்திரம் நின்றால் மா வீணாகும், மேலாளர் கத்துவார், அதோடு சரி.

விபத்துக்கு ஒரு கிழமைக்கு முன் றெக்ஷன் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, ஒரு எஞ்சின் எப்ப நிக்கும் எண்டு முன்னமே சொல்லேலுமோ?"

அவள் அப்போது கூட்டமொன்றுக்குள் போய்க்கொண்டிருந்தாள். "முந்தி எத்தினை தரம் நிண்டது எண்டு கொப்பியில இருக்கும், பாரடா. அதை வைச்சுச் சொல்லலாம்."

"கொப்பியில ஒரு தரமும் நிண்டதா இல்லையே."

"அப்ப அது நிக்காத எஞ்சின். சந்தோசமா இரு," என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு இப்போது காதில் கேட்கிறது. பல் விளக்கும்போது கேட்கிறது, பஸ்ஸில் கேட்கிறது, பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டிருக்கும்போது கேட்கிறது. அவள் சிரித்த சிரிப்பை அவளாலேயே பொறுக்க முடியவில்லை. ஜெகதீஸ் நீட்டிய கடுதாசியை அவள் மறுக்காமல் வாங்கியதும் அதனால்தான்.

திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குள் கடுதாசி வேண்டும். இன்றைக்குத் திங்கட்கிழமை.

---

மாவிலித்துறையில் சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டிக் கிடந்த செபமாலை ஒவ்வொரு அலைக்கும் கயிற்றை இழுத்துத் தளர்த்தியது.

எஞ்சின் குழிக்குள் அப்பா இருந்தார். பத்திநாதர் என்றால் தீவில் எல்லோருக்கும் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக எஞ்சின்காரர். விபத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நின்றுவிட்டார். அவருக்குப் பதிலாகத்தான் விடுமுறையில் வந்து நின்ற மகன் போனான். அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேச்சு வைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு வந்து, எஞ்சினை இயக்காமல், அதன் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போவார். துறையில் நிற்கிறவர்கள் அவர் இருக்கிற பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டார்கள்.

"அப்பா, கொப்பி எங்கை?"

அவர் கையால் காட்டினார். படகை ஓட்டுகிற தண்டையல் சந்தியோகுவின் இருக்கைக்குக் கீழே, பொலித்தீன் பையில் சுற்றி இருந்தது.

துசாரா படகின் முன்பக்க அணியத்தில் உட்கார்ந்து கொப்பியைப் புரட்டினாள். இந்த எஞ்சினைப் படகில் பூட்டி இரண்டு வருஷம். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை குறிகட்டுவானுக்குப் போய்த் திரும்புகிறது, போக ஒரு மணி, வர ஒரு மணி. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கடைசிக் கட்டத்தில் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் 'ஓட்டம் சரி'. சனிக்கிழமைகளில் மட்டும் எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீற்றரின் எண். எழுநூற்றுப் பன்னிரண்டு நாள், எழுநூற்றுப் பன்னிரண்டு 'ஓட்டம் சரி'. தம்பி விழுந்த நாளுக்கும் அப்பாவின் கை அதையே எழுதியிருந்தது.

எந்த எஞ்சினும் இப்படி ஓடாது. தொழிற்சாலையில் புத்தம்புதுச் சப்பான் இயந்திரமே மாதம் ஒருமுறை முகத்தைத் திருப்பும்.

கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். விழுந்ததற்கு முந்தின நாள் சனிக்கிழமை என்பதால் மீற்றர் எண் இருந்தது: 1423. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெடுந்தீவில் புறப்பாடு. 8.48க்குக் குறிகட்டுவான். அங்கே பொலிஸ் வந்து மீற்றரைப் பார்த்து எழுதி வைத்திருந்தது: 1424.

கடிகாரம் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிஷம் என்கிறது. எஞ்சின் ஒரு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. காற்று எதிர்த்ததால் பிந்தியது என்றால் மீற்றரும் சேர்ந்து ஓடியிருக்கும். நாற்பத்தெட்டு நிமிஷம் அந்த எஞ்சின் சத்தமில்லாமல் கடலில் கிடந்திருக்கிறது.

விசாரணையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பொடியன் கால் வழுக்கி விழுந்தான் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. அப்படிச் சொன்னவர் சந்தியோகு. அவர் துறையில் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். துசாரா கொப்பியோடு போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"சந்தியோகு மாமா, அண்டைக்கு எஞ்சின் நிண்டதோ?"

கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. "பிள்ளை, அந்தச் சொல்லைத் துறையில வைச்சுச் சொல்லாதையும்."

"நிண்டதோ இல்லையோ?"

"மூச்சு வாங்கினது."

அவளுக்கும் அது தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுத்தானே. இந்தத் துறையில் எஞ்சின் கடலில் நின்றால் யாரும் நின்றது என்று சொல்வதில்லை. மூச்சு வாங்குது என்பார்கள். எழுதுவதோ பெரும் குற்றம். எழுதினால், எழுதின ஆளைத் தேடி அதே இடத்தில் திரும்ப நிற்கும் என்று நம்பிக்கை. மேலே கந்தோரில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கொப்பியைப் பார்த்து, இந்தத் தீவார் எஞ்சினை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டிக் கடிதம்கூடப் போட்டிருக்கிறார்கள்.

"தம்பி என்னண்டு விழுந்தவன்?"

சந்தியோகு கடலைப் பார்த்தபடியே சொன்னார். "எஞ்சின் மூச்சு வாங்கினவுடன போட் அலைக்குக் குறுக்கால திரும்பீட்டுது. நங்கூரம் போடச் சொன்னனான். அவன் விளிம்பில ஏறி நிண்டு எறிஞ்சவன். அலை ஒண்டு வந்தது. பிறகு பாத்தால் ஆளில்லை. எஞ்சினைத் திரும்ப எடுக்க முக்கால் மணித்தியாலம் போச்சு. எஞ்சின் இல்லாமல் அவனைத் தேடிப் போக எங்களாலை ஏலாமல் போச்சு, பிள்ளை. நாங்கள் ஒரு பக்கம் அள்ளுப்பட்டுப் போறம். அவன் கத்தினது கொஞ்ச நேரம் கேட்டது."

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை. படகின் பக்கம் திரும்பினாள். எஞ்சின் குழிக்குள் அப்பாவின் நரைத்த தலை மட்டும் தெரிந்தது, அசையவில்லை.

"இதுக்கு முதல் எத்தினை தரம் மாமா?"

"ஆர் எண்ணினது? டீசல் பம்பிலதான் பிழை எண்டு கொப்பர் பத்திநாதர் சொல்லுறவர். ஏதோ தட்டிக் கிட்டி எடுத்துப்போடுவார். கரை சேந்தால் மாதாவுக்கு நன்றி சொல்லி ஒரு பூசை குடுப்பியள். உங்கடை வீட்டுக் கணக்கு அது. கோவிலிலதான் கேக்கவேணும்."

---

கோவிலுக்குப் போகிற ஒழுங்கையில் கல்வேலி ஓரமாகத் தீவின் காட்டுக்குதிரை ஒன்று நின்றது. அவள் சைக்கிளைப் பார்த்தும் விலகவில்லை. அவள்தான் இறங்கி உருட்டிக்கொண்டு சுற்றிப் போனாள். காற்று காதில் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரோ கத்துவதுபோல இருந்தது. இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு தடவையும் அந்தக் குதிரை மட்டும்தான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கோவில் வேலை பார்க்கிற மூப்பர் நாளைப் பூசைக்குக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூசைக் கருத்துகள் எழுதும் கொப்பியைக் கேட்டதும், தம்பியின் பூசை நேரத்தைப் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக் கொப்பி. திகதி, என்ன கருத்துக்காக, கேட்டவர் யார்.

முதலாவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கண் தானாகவே போய் விழுந்தது. 'கடலில் காத்த கருணைக்கு நன்றியாக.' அடுத்ததும் அதே வரி. அதற்கடுத்ததும் அதே வரி. மொத்தம் பதினொன்று.

பதினொன்றுக்கும் கேட்டவர் இராசமணி.

அவள் கோவில் படியில் உட்கார்ந்து, கடுதாசியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எழுதினாள். எஞ்சின் பூட்டி முதல் நன்றிப் பூசைக்கு நூற்று முப்பது நாள். அடுத்ததற்கு நூற்றுப் பத்து. பிறகு தொண்ணூற்றாறு, எண்பத்தைந்து, எழுபத்துநாலு, அறுபது, நாற்பத்தெட்டு, முப்பத்தேழு, இருபத்தெட்டு, இருபது, பதினாலு.

அதற்குப் பிறகு, பத்தாம் நாள், றெக்ஷன்.

அன்றைக்கு நின்றதையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆயிரத்து நானூற்று இருபத்துநாலு மணியைப் பன்னிரண்டால் வகுத்தாள். சுமார் நூற்றுப் பத்தொன்பது மணிக்கு ஒருமுறை நிற்கிறது, கிட்டத்தட்ட அறுபது நாளுக்கு ஒருமுறை. கந்தோருக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் பரவாயில்லை என்றுகூடச் சொல்லக்கூடும். சராசரி எப்போதும் கலியாணத் தரகர் மாதிரி, நல்லதையும் கெட்டதையும் கலந்து நடுவில் ஒரு கதை சொல்லிவிடும். வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எஞ்சின் எங்கே போகிறது என்பது தெரியும். பத்துக்குப் பிறகு ஏழோ எட்டோ. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும்.

தம்பி கேட்ட கேள்விக்கு விடை இருந்திருக்கிறது. எப்ப நிக்கும் எண்டு முன்னமே சொல்லேலுமோ? ஏலும். பத்தாம் நாளென்று சின்னப்பிள்ளையும் சொல்லியிருக்கும். கொப்பியில் மட்டும் எழுதியிருந்தால் அவன் அன்றைக்கே அவளிடம் வாசித்துக் காட்டியிருப்பான்.

துசாரா படியிலேயே குனிந்து அழுதாள். உள்ளே மூப்பர் கதிரையை இழுக்கிற சத்தம் நின்றது. அவர் வெளியே வரவில்லை.

---

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. அம்மா குசினிக்குள் நிலத்தில் இருந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நாற்பது பேருக்குச் சமைக்கவேண்டும்.

துசாரா பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், கடுதாசியைப் பார்த்து வாசித்தாள்.

"நூற்றி முப்பது. நூற்றிப் பத்து."

அம்மாவின் விரல் அரிசிக்குள் நின்றது.

"தொண்ணூற்றாறு," என்றாள் அம்மா. "எண்பத்தைஞ்சு. எழுபத்துநாலு. அறுபது." சுளகைப் பார்த்தபடியே, செபம் சொல்லுகிற குரலில், ஒன்றும் தவறாமல் பதினாலு வரைக்கும் வந்தாள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

துசாரா நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு..."

"ஒவ்வொருக்காலும் கொப்பா வந்து எனக்கு மட்டும்தான் சொல்லுவார். நான் போய்ப் பூசை சொல்லிப்போட்டு வந்து கலண்டரில ஒரு புள்ளி வைப்பன். பிறகு அடுத்த புள்ளி வரைக்கும் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருப்பன். ஆரும் சொல்லித்தரேல்லை, பிள்ளை. குறைஞ்சு குறைஞ்சு வருது எண்டு விளங்கினது. பதினாலுக்குப் பிறகு பத்து எண்டும் விளங்கினது."

சுவரில் பங்குக் கோவிலின் கலண்டர் தொங்கியது. துசாரா அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். பென்சில் புள்ளிகள் இருந்ததை இப்போதுதான் கண்டாள்.

"அண்டைக்கு விடிய நெஞ்சு நோகுது, போகாதையுங்கோ எண்டு கொப்பாட்டைச் சொன்னனான்," என்றாள் அம்மா. "நெஞ்சு நோகேல்லை. எஞ்சின்காரர் இல்லாட்டில் போட் போகாது எண்டு நினைச்சன். தம்பி போவான் எண்டு நான் நினைக்கேல்லை."

பிறகு சுளகைத் தள்ளி வைத்தாள்.

"அது பொய். அவன் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டதைப் பாத்தனான். தேத்தண்ணி நான்தான் குடுத்தனான். வாசல் படலை வரைக்கும் போனவன். ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். ஏன் எண்டு கேட்டிருப்பான். என்னெண்டு சொல்லுறது? இண்டைக்கு எஞ்சின் நிக்கும் எண்டு வாயால சொன்னால் அது நடந்திடும். பயத்தில பேசாமல் நிண்டனான். என்ரை வாய்க்குள்ள அந்தச் சொல்லை வைச்சுக்கொண்டு அவனை அனுப்பிப்போட்டன்."

துசாரா அம்மாவின் கையைப் பிடித்தாள். தன்னுடைய சிரிப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. ஆனால் இந்தத் துன்பத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அம்மா, நாளைக்கு நாப்பது பேர் அதில வரப்போயினம். சின்னம்மா குழந்தையோட வாறா. நான் பன்னிரண்டு எண்டு எழுதவேணும். எங்கையிருந்து எடுத்தது எண்டும் எழுதவேணும். இல்லாட்டில் ஆரும் நம்பமாட்டினம்."

"எழுதாதை." அம்மா அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "எஞ்சின் சரியில்லை எண்டு வாயால சொல்லி நிப்பாட்டு. பூசைக் கொப்பியை எழுதாதை. கொப்பா வாசிச்சால் நான் நாளெண்ணினது விளங்கிப்போம். எனக்குத் தெரிஞ்சிருந்தது எண்டு விளங்கிப்போம். அந்த மனுசன் தன்னாலதான் பிள்ளை போனது எண்டு இருக்குது. நான்தான் எண்டு தெரிஞ்சால் என்னோட ஒரு வீட்டில இருக்குமோ?"

"வாயால சொன்னால் ஜெகதீஸ் அண்ணை கேக்கமாட்டார் அம்மா. கொப்பியில ஓட்டம் சரி எண்டு கிடக்குது. அதைக் காட்டிப்போட்டு ஓடுவார்."

துசாராவுக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்து, சரியம்மா, எழுதேல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லக் கழற்றிவிட்டு, கடுதாசியைத் திருப்பி நிலத்தில் வைத்தாள். ஓடிய மணி: 1424. நின்ற தடவைகள்: 12. ஆதாரம்: பங்குக் கோவிலின் பூசைக் கருத்துக் கொப்பி. கேட்டவர் இராசமணி. இறுதி இடைவெளி: பத்து நாள். பயணிகளை ஏற்றத் தகுதியில்லை.

எழுதி முடிக்கும்வரை அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தாள்.

குசினி வாசலில் வெளிச்சம் மறைந்தது. அப்பா நின்றார்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. உள்ளே வந்து, குனிந்து, கடுதாசியை எடுத்தார். அவர் வாசிக்கிற நேரம் முழுவதும் வெளியே காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போனார். மகளிடம் பேனையை வாங்கி, கீழே தன்னுடைய பெயரை எழுதி, கையெழுத்து வைத்தார். முப்பது நாளில் அவர் எழுதிய முதல் எழுத்து அது.

"இஞ்சருங்கோ," என்றாள் அம்மா. "பத்தாம் நாளெண்டு எனக்கு..."

"தெரியும்," என்றார் அப்பா.

"நெஞ்சு நோகுது எண்டு உங்களுக்கு நான் பொய் சொன்னனான்."

"அதுவும் அண்டைக்கே தெரியும் இராசமணி." அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்தார். "நீர் மட்டுமே எண்ணினனீர்? நானும்தான் எண்ணினனான். அண்டைக்கு நிக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழும்பினனான். எப்பிடிப் போகாமல் விடுறது எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். நீர் நெஞ்சு நோகுது எண்டு சொன்னவுடன எனக்குப் பெரிய நிம்மதியாப் போச்சு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வந்து, அப்பா நான் போறன், சாவியைத் தாங்கோ எண்டு கேட்டவன். குடுத்தனான். குடுத்துப்போட்டுப் பாயில போய்ப் படுத்தனான். நல்லா நித்திரை கொண்டனான், இராசமணி."

அப்பா கடுதாசியை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். துறையில் ஜெகதீஸ் காத்துக்கொண்டிருப்பார், சந்தியோகுவும் இருப்பார். அவர்களிடம் இதை மட்டும்தான் கொடுக்கப் போகிறாரா, தெரிந்துகொண்டே சாவி கொடுத்ததையும் சொல்லப் போகிறாரா என்று அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசல் தாண்டி, முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்தார்.

அம்மா எழும்பவில்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. சுளகை மடிக்கு இழுத்து, செபமாலை ஓடாமல் இனி வரமுடியாத நாற்பது பேருக்காக அரிசியில் கல்லுப் பொறுக்கத் தொடங்கினாள். படலைப் பக்கம் அப்பாவின் முதுகு சின்னதாகிக்கொண்டு போனது. துசாரா யாரிடம் போவதென்று தெரியாமல் குசினி வாசலில் நின்றாள்.